இறந்தவரின் ரத்தமும் திடீர் இதய மரணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடீரென்று இறந்துபோன ஒருவரின் ரத்தத்தைச் சோதித்து, "இது மாரடைப்புதான்" என்று சொல்லிவிட முடியுமா? பிணவறை வாசலில் காத்திருக்கும் உறவினர்கள், உடற்கூறாய்வு அறிக்கையைப் படித்துக் குழம்பும் பிள்ளைகள், காப்பீட்டுத் தொகைக்காக அலைபவர்கள், தடயவியல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. சோதித்தால் ஓர் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

திடீர் இதய மரணம் என்று எதைச் சொல்கிறார்கள்?

அறிகுறி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள், இதயம் சார்ந்த காரணத்தால், எதிர்பாராமல் நேரும் இயற்கை மரணம். யாரும் பார்க்காத நிலையில் இறந்திருந்தால், கடைசி 24 மணி நேரத்துக்குள் அவரை நலமாகப் பார்த்தவர் யாராவது இருக்க வேண்டும். உலக அளவில் மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறை இது.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபட்டுத் தசை சாகத் தொடங்குவது மாரடைப்பு. துடிப்பின் ஒழுங்கு குலைந்து இதயம் ரத்தத்தை வெளியே தள்ளாமல் நின்றுவிடுவது இதய நிறுத்தம். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். வேறு காரணங்களும் உண்டு. நடுவயதைத் தாண்டியவர்களில் தமனி அடைப்பே முதன்மைக் காரணம். 35 வயதுக்குக் கீழே போகப் போக இதயத் தசைத் தடிப்பு நோய், இதயத் தசை அழற்சி, பிறவியிலேயே தமனி தவறான இடத்திலிருந்து கிளம்புவது, இதயத்தின் மின்னோட்டக் கோளாறுகள் ஆகியவற்றின் பங்கு கூடுகிறது.

இதயத்தை நேரில் வெட்டிப் பார்க்கிறார்களே, அதிலேயே தெரியாதா? ரத்தம் எதற்கு?

பல மரணங்களில் தெரியும். தமனிக்குள் புதிய ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தாலோ, இதயச் சுவர் கிழிந்து இதயவுறைக்குள் ரத்தம் தேங்கியிருந்தாலோ, பழைய மாரடைப்பின் தழும்பு வெளுத்துக் கிடந்தாலோ, வெறும் கண்ணே போதும்.

ஆனால் இதயத் தசை செத்துப்போனது கண்ணுக்குத் தெரிய நேரம் பிடிக்கும். முதல் நான்கு மணி நேரம் வரை தசையில் நிற மாற்றம் எதுவும் இருக்காது. அதன் பிறகு கருஞ்சிவப்புத் திட்டுகள் மெல்லத் தலைகாட்டும். தெளிவாக வெளுத்துத் தெரிய 12 மணி நேரமாவது ஆகும். நுண்ணோக்கியில் கொஞ்சம் முன்னதாகவே பார்க்கலாம்: தசை நார்கள் அலையலையாக நெளிந்திருப்பது அரை மணி நேரத்திலிருந்தே தெரியக்கூடும், ஆனால் அது உறுதியான அடையாளமில்லை. செல்கள் செத்ததற்கான திடமான மாற்றங்கள் தெரிய 4 முதல் 12 மணி நேரம் வேண்டும். வெட்டிய இதயத் துண்டை டெட்ராசோலியம் சாயத்தில் நனைத்தால் உயிருள்ள தசை செங்கல் நிறமாகச் சிவக்கும், செத்த பகுதி வெளிறியே நிற்கும். இந்த முறைக்குக்கூட இரண்டு மூன்று மணி நேரம் கழிந்திருக்க வேண்டும்.

இப்போது வரையறையை நினைத்துப் பாருங்கள். திடீர் இதய மரணம் என்பது ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிவது. தசையில் தடயம் உருவாகும் முன்பே உயிர் போய்விடுகிறது. தமனியில் 75 விழுக்காடு அடைப்பு இருக்கிறது, புதிய கட்டி இல்லை, தசையில் மாற்றம் இல்லை என்றால் மருத்துவர் என்ன எழுதுவார்? அந்த அடைப்போடு பல ஆண்டுகள் நடமாடியவர்கள் ஏராளம். அது இருந்தது என்பதற்கும் அதனால் இறந்தார் என்பதற்கும் இடையே இருக்கும் இடைவெளியை நிரப்பத்தான் ரத்தத்திலுள்ள வேதிப்பொருள்களைத் தேடிப் போகிறார்கள்.

எந்தெந்தப் பொருள்களைப் பார்க்கிறார்கள்?

முதலிடம் ட்ரோபோனினுக்கு. தசைச் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதத் தொகுப்பு இது; ஜப்பானிய விஞ்ஞானி சேட்சுரோ எபாஷி 1960களில் கண்டறிந்தது. இதில் ஐ, டி என்ற இரண்டு வகைகளுக்கும் இதயத்துக்கே உரிய வடிவம் இருக்கிறது. இதயச் செல் சேதமடைந்தால் அவை ரத்தத்தில் கசியும். இன்று நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போகும் எவருக்கும் எடுக்கப்படும் சோதனை இதுதான்.

சிகே-எம்பி என்ற இதயத் தசை நொதி, மயோகுளோபின் என்ற தசைப் புரதம் இரண்டும் பழைய தலைமுறைச் சோதனைகள். மயோகுளோபின் சிறிய மூலக்கூறு என்பதால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஏறிவிடும், ஆனால் கை கால் தசையிலும் அது இருப்பதால் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. இதய வகைக் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதமும் சீக்கிரம் கசியும் சிறிய மூலக்கூறுதான்.

என்டி-ப்ரோபிஎன்பி வேறு இனம். இதயச் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது இதயம் சுரக்கும் ஹார்மோனின் துணைத்துண்டு அது. சிஆர்பி அழற்சியின்போது கல்லீரல் தயாரிக்கும் புரதம்.

இவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ட்ரோபோனின், சிகே-எம்பி, மயோகுளோபின் ஆகியவை செல் உடைந்தால் கசிபவை. என்டி-ப்ரோபிஎன்பி, சிஆர்பி ஆகியவை உயிருள்ள உடல் மணிக்கணக்கில் உழைத்துத் தயாரிப்பவை. இறப்புக்குப் பிறகு கசிவு தொடரும், தயாரிப்பு நின்றுவிடும். அடுத்து வரும் பல பதில்கள் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

உயிரோடிருப்பவருக்கு இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் ட்ரோபோனின், இறந்தவருக்கு ஏன் அப்படி வேலை செய்வதில்லை?

உயிரோடிருப்பவரின் ரத்தத்தில் ட்ரோபோனின் டி லிட்டருக்கு 14 நானோகிராமுக்கு மேல் இருந்தால் இயல்புக்கு மீறியது என்று கொள்கிறார்கள். அதோடு நிறுத்துவதில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மாரடைப்பு என்ற முடிவுக்கு அந்த ஏற்ற இறக்கம் கட்டாயம். இறந்தவருக்கு அந்த இரண்டாவது ரத்தம் கிடையாது. கையில் இருப்பது ஒரே ஒரு எண்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. இதயம் நின்ற பிறகு பிராணவாயு இல்லாமல் செல்கள் தம்மைத் தாமே செரித்துக்கொள்ளத் தொடங்கும். செல் சுவர் சிதைந்து, எல்லா மனிதரின் இதயத்திலிருந்தும் ட்ரோபோனின் வெளியேறும். தூக்கில் இறந்தவர், விஷம் குடித்தவர், தலையில் அடிபட்டவர் என்று யாராக இருந்தாலும் இது நடக்கும். இதய அறைக்குள் தேங்கி நிற்கும் ரத்தத்தில் இப்படிச் சேரும் ட்ரோபோனின், மருத்துவமனை அளவுகோலைப் பல மடங்கு தாண்டியிருப்பது சாதாரணம். அந்த அளவுகோலைப் பிணவறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் எல்லோரும் மாரடைப்பில் இறந்தவர்களாகிவிடுவார்கள்.

மூன்றாவதாக, இறந்தவரின் ரத்தம் பெரும்பாலும் சிவப்பணுக்கள் உடைந்து சாயம்போல ஆகியிருக்கும். ஆய்வகக் கருவிகள் தெளிந்த சீரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. உடைந்த ரத்தத்தில் அவை தரும் எண் மேலும் போகலாம், கீழும் போகலாம். உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு பிரேத அளவுகோல் இன்றுவரை உருவாகாததற்கு இவை எல்லாம் சேர்ந்தே காரணம்.

அப்படியானால் ரத்தத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

தொடைச் சிரையிலிருந்து. இதயத்திலிருந்து தூரமாக இருப்பதால், இறப்புக்குப் பின் கசிந்த ட்ரோபோனின் அங்கே எளிதில் வந்து சேராது. வயிற்றுப் பக்கமிருந்து ரத்தம் வழிந்து வராதபடி சிரையை மேலே கட்டிவிட்டு எடுப்பது முறை. அதுவும் உடலைத் திறந்து உறுப்புகளை அசைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நெஞ்சுக்கூட்டைத் திறந்தபின் அங்கே தேங்கிய ரத்தத்தைக் கரண்டியால் அள்ளி "இதய ரத்தம்" என்று எழுதி அனுப்பினால், அந்தச் சோதனைக்குச் செலவிட்ட பணம் வீண்.

இதயவுறைத் திரவம் தனிக் கவனம் பெறுகிறது. இதயத்தைச் சுற்றி இயல்பாகவே 15 முதல் 50 மில்லி வரை இருக்கும் திரவம் அது. இதயத் தசையை ஒட்டியே இருப்பதால் சேதம் நடந்த இடத்துக்கு மிக அருகில் கிடைக்கும் மாதிரி; ரத்தம்போல உடைந்து சிவப்பதும் இல்லை. ஜப்பானின் ஒசாகாவில் தடயவியல் மருத்துவர்கள் 2000களில் தொடைச் சிரை ரத்தம், இதய ரத்தம், இதயவுறைத் திரவம் ஆகியவற்றில் ட்ரோபோனினை அளந்து பல்வேறு மரணக் காரணங்களோடு ஒப்பிட்ட தொடர் ஆய்வுகள் இந்தத் துறையில் முக்கியமானவை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்களும் பிரேத வேதியியலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே உடலில் இடத்துக்கு இடம் எண் மாறுகிறது என்பதை இத்தகைய ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டிவிட்டன. எனவே எடுத்த இடத்தைக் குறிப்பிடாத அறிக்கையில் உள்ள எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒப்பீட்டில்தான் பயன் அதிகம். தொடைச் சிரையிலும் இதயவுறைத் திரவத்திலும் ஒருங்கே அளந்து, இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் சேர்த்துப் பார்ப்பது, ஒற்றை எண்ணைவிட எவ்வளவோ மேல்.

ட்ரோபோனின் மிக அதிகமாக வந்திருக்கிறது. மாரடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ட்ரோபோனின் சொல்வது ஒன்றே ஒன்று: இதயத் தசை சேதப்பட்டிருக்கிறது. யார் சேதப்படுத்தினார்கள் என்பதை அது சொல்லாது.

நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றிருந்தால் ஏறும். மின்னதிர்ச்சிக் கருவி வைத்திருந்தால் ஏறும். நெஞ்சில் அடிபட்டிருந்தாலும், கடும் வெப்பத் தாக்குதலிலும், மின்சாரம் பாய்ந்ததிலும், கார்பன் மோனாக்சைடு நச்சிலும், ரத்தத்தில் கிருமி பரவிய நிலையிலும், நுரையீரல் தமனியில் கட்டி அடைத்தபோதும், நீண்டகாலச் சிறுநீரகச் செயலிழப்பிலும் ஏறும்.

நம் ஊரில் இதோடு இன்னொரு கவலையும் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் மஞ்சள் அரளி விதையால் நேரும் மரணங்கள் பழக்கமானவை. அதிலுள்ள நச்சு இதயத் துடிப்பைக் குலைத்தே கொல்கிறது. தானியக் கிடங்குகளில் பூச்சிக்காகப் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடும் இதயத் தசையை நேரடியாகத் தாக்கும். இரண்டிலும் இதயச் சேதக் குறியீடுகள் உயர முடியும். ட்ரோபோனினை மட்டும் பார்த்து "மாரடைப்பு" என்று எழுதிக் கோப்பை மூடினால் ஒரு தற்கொலையோ, அதைவிட மோசமாக ஒரு கொலையோ இயற்கை மரணமாகப் பதிவாகிவிடும். இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கத்தை எந்த இதயச் சோதனையும் ஈடுசெய்யாது. டிஜாக்சின் என்ற இதய மருந்தை அளக்கும் சோதனை அரளி நச்சையும் ஓரளவு அடையாளம் காட்டும் என்பதால், ஐயம் எழுந்தால் அதையும் கேட்டுப் பெறலாம்.

ட்ரோபோனின் குறைவாக வந்திருக்கிறது. இதயம் காரணம் இல்லை என்று முடிவு செய்யலாமா?

இதுவும் கூடாது. ட்ரோபோனின் கசிந்து தொடைச் சிரை வரை போய்ச் சேர இரண்டு தேவைகள் உண்டு: நேரம், ஓடும் ரத்தம். தமனி அடைபட்ட ஐந்தாவது நிமிடமே துடிப்பு குலைந்து இதயம் நின்றுவிட்டால் இரண்டுமே கிடைக்காது. மாரடைப்பால் மிக வேகமாக இறந்தவரின் தொடை ரத்தத்தில் குறைவான அளவும், ஆறு மணி நேரம் போராடி இறந்தவரின் ரத்தத்தில் மிக உயர்ந்த அளவும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. எண் பெரிதாக இருந்தால் முதலில் எழ வேண்டிய ஐயம், அவர் உண்மையிலேயே "திடீரென்று" இறந்தாரா, முந்தின நாளிலிருந்தே வாயுத்தொல்லை என்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாரா என்பது. வீட்டாரிடம் கேட்டால் பல நேரங்களில் விடை கிடைக்கும்.

என்டி-ப்ரோபிஎன்பியை ஏன் நம்பகமானது என்கிறார்கள்?

பிஎன்பி என்ற ஹார்மோன் 1988இல் முதலில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிறகே இதயம்தான் அதன் முக்கிய ஊற்று என்று தெரிந்தது. இதயச் செல் தயாரிக்கும் முன்னோடிப் புரதம் இரண்டாக உடைகிறது: 32 அமினோ அமிலங்கள் கொண்ட பிஎன்பி, 76 அமினோ அமிலங்கள் கொண்ட என்டி-ப்ரோபிஎன்பி. முன்னது ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பின்னது ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும், இறந்த உடலிலும் எளிதில் சிதைவதில்லை.

உயிருள்ள இதயம் இழுபட்டுச் சுரந்தால்தான் இதன் அளவு ஏறும். ஆகவே இறந்தவரிடம் இது மிக உயர்ந்திருந்தால், அந்த இதயம் சாவுக்கு நெடுநேரம் முன்பிருந்தே, அநேகமாகப் பல நாள்களாக, சுமை தாங்காமல் திணறியிருக்கிறது என்று பொருள்கொள்ள இடமுண்டு. வெளியே தெரியாமல் இருந்த இதயச் செயலிழப்பைப் பிடிக்க இது நல்ல கருவி. தொடை ரத்தத்திலும் இதயவுறைத் திரவத்திலும் அளக்கலாம். எச்சரிக்கை இங்கும் தேவை: முதுமையிலும் சிறுநீரக நோயிலும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் திரவத்தில் யூரியா, கிரியாட்டினின் இரண்டும் இறந்த பிறகும் பெரிதாக மாறாமல் இருப்பதால், சிறுநீரகம் எப்படி இருந்தது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

சிஆர்பியும் இதே தர்க்கத்தில் பயன்படுகிறது. கல்லீரல் அதைத் தயாரிக்கத் தொடங்கி ரத்தத்தில் ஏற ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும். நொடியில் இறந்தார் என்று சொல்லப்படும் ஒருவரின் ரத்தத்தில் சிஆர்பி மிக உயர்ந்திருந்தால், ஏதோ ஓர் அழற்சி, நிமோனியாவாகவோ இதயத் தசை அழற்சியாகவோ, முன்பே இருந்திருக்கிறது.

இதயம்போலத் தோன்றும் வேறு மரணங்களையும் வேதிச் சோதனையால் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். என்னைக் கேட்டால், பிரேத வேதியியலின் உறுதியான பயன் இங்கேதான் அதிகம். சர்க்கரை நோய் முற்றி மயங்கி இறந்தவரின் விட்ரியஸ் திரவத்தில் குளுக்கோஸ் உயர்ந்திருக்கும், கீட்டோன்களும் ஏறியிருக்கும். அவருக்குச் சர்க்கரை இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் குளுக்கோஸ் குறைவாக வந்தால் அதற்குப் பொருளில்லை, ஏனென்றால் இறந்த பிறகு அது தானாகவே குறையும். ஊசி மருந்தோ குளவிக் கொட்டோ தந்த ஒவ்வாமையில் இறந்தவரின் தொடை ரத்தத்தில், ஒவ்வாமையின்போது வெளியாகும் டிரிப்டேஸ் என்ற நொதி உயர்ந்திருக்கும். ரத்தப் பொட்டாசியத்தை மட்டும் யாரும் கேட்க வேண்டாம்; இறந்த சிறிது நேரத்திலேயே அது செல்களிலிருந்து வெளியேறி, எண் பொருளற்றதாகிவிடும்.

எவ்வளவு நேரத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும்?

எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. உடல் குளிர்பதனப் பெட்டியில் இருந்திருந்தால் சிதைவு மெதுவாக நடக்கும். மே மாத வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு நாள் கிடந்த உடலில் ட்ரோபோனின் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. எடுத்த ரத்தத்தை உடனே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து உறையவைக்க வேண்டும். இறந்த நேரம், உடல் எங்கே வைக்கப்பட்டிருந்தது, மாதிரி எடுத்த நேரம் மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும்.

பிணவறையிலேயே ட்ரோபோனின் கார்டு டெஸ்ட் செய்து பார்க்கலாமா?

செய்து பார்த்திருக்கிறார்கள். கோடு விழுந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, மேலே சொன்ன காரணங்களால் பலருக்கும் கோடு விழும். முடிவை அதன் தலையில் ஏற்றுவதற்கு நான் எதிரானவன்.

மருத்துவமனைக்கு உயிரோடு கொண்டுபோய், சற்று நேரத்தில் இறந்தார். அங்கே எடுத்த ரத்தம் பயன்படுமா?

அதைவிடச் சிறந்த மாதிரி கிடையாது. அவசரப் பிரிவில் உயிரோடிருக்கும்போது எடுத்த குழாயில் இறப்புக்குப் பிந்தைய கசிவுச் சிக்கல் எதுவும் இல்லை. ஈசிஜி தாளும் அப்படியே விலை மதிப்பற்றது. ஆய்வகங்கள் மீதமுள்ள ரத்தத்தைச் சில நாள்களில் அப்புறப்படுத்திவிடும். அதற்குள் உடற்கூறாய்வு செய்யும் மருத்துவரோ விசாரணை அதிகாரியோ எழுத்தில் கேட்டால் பாதுகாத்து வைக்க முடியும். குடும்பத்தினர் இந்தத் தகவலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இருசக்கர வாகனத்தில் போனவர் விழுந்து கிடந்தார். மாரடைப்பு வந்து விழுந்தாரா, விழுந்ததால் இறந்தாரா? ரத்தம் சொல்லுமா?

விபத்துக் காப்பீடு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. ரத்தம் மட்டும் சொல்லாது. நெஞ்சு கைப்பிடியில் மோதியிருந்தால் அதனாலேயே ட்ரோபோனின் ஏறும். விபத்தில் அடிபட்டு இரண்டு மணி நேரம் உயிரோடிருந்து ரத்தம் இழந்திருந்தாலும் இதயத் தசை வாடி ஏறும்.

காயங்களைச் சுற்றி எவ்வளவு ரத்தக்கசிவு இருக்கிறது என்று பார்ப்பது இதைவிட உதவும். இதயம் நின்ற பிறகு விழுந்தவரின் உடலில் எலும்பு முறிந்த இடத்தில்கூட ரத்தக்கசிவு மிகக் குறைவாக இருக்கும். பிரேக் பிடித்த தடம் சாலையில் இருந்ததா, கைகளை ஊன்றித் தடுக்க முயன்ற சிராய்ப்பு உள்ளங்கையில் இருக்கிறதா, பின்னால் வந்தவர் என்ன பார்த்தார் என்பவை எல்லாம் சேர வேண்டும். தமனியில் புதிய ரத்தக்கட்டி, உயிருக்கு ஆபத்தில்லாத சிறு காயங்கள், உயர்ந்த என்டி-ப்ரோபிஎன்பி மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் மருத்துவர் துணிந்து கருத்துச் சொல்லலாம். ஒற்றைச் சோதனையை மட்டும் காட்டித் தொகையை மறுக்கும் கடிதத்தைக் குடும்பம் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இருபது வயதுப் பையன். இதயத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. ரத்தத்தில் என்ன தேடலாம்?

மரபணுவை. இதயத்தின் மின்னோட்டத்தை நடத்தும் அயனிப் பாதைகளில் பிறவிக் கோளாறு இருந்தால், வெட்டிப் பார்த்தாலும் நுண்ணோக்கியில் பார்த்தாலும் இதயம் அழகாகவே இருக்கும். இறந்த பிறகு ஈசிஜி எடுக்கவும் முடியாது. அங்கே ட்ரோபோனின் எண் எவ்வளவு இருந்தாலும் அது விடை தராது.

1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், நீரில் மூழ்கிய 19 வயதுப் பெண்ணின் மரணத்துக்குப் பரம்பரை நீள்-க்யூடி நோய் (ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீண்டு தெரியும் மின்னோட்டக் கோளாறு) காரணம் என்பதை மரபணுச் சோதனையால் காட்டினார்கள். மூலக்கூறு உடற்கூறாய்வு என்று இன்று அழைக்கப்படும் முறைக்கு அது முன்னோடி. சூழ்நிலையும் துப்புத் தரும். நீந்தும்போது நேர்ந்த மரணம் நீள்-க்யூடியின் ஒரு வகையை நினைவூட்டும். அலாரம்போலத் திடுக்கிடவைக்கும் ஒலியில் நேர்ந்தது இன்னொரு வகையை. தூக்கத்தில் இறந்த இளைஞரென்றால், ஸ்பெயினைச் சேர்ந்த புருகாடா சகோதரர்கள் 1992இல் விவரித்த நோய்க்குறி நினைவுக்கு வர வேண்டும். பிலிப்பைன்ஸ், தாய்லாந்து கிராமங்களில் தலைமுறைகளாகப் பேசப்பட்ட தூக்க மரணங்களில் பலவற்றுக்கு அதுவே விளக்கமாக அமைந்தது.

தெற்காசியருக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம், இந்தப் பகுதி மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாகவும், இதயத் தசை நோயோடு தொடர்புடையதாகவும் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள் அதில் பங்கேற்றார்கள். அந்த மாற்றம் உள்ளவர்கள் அனைவரும் நோயாளிகள் அல்லர். அதனாலேயே மரபணு அறிக்கையை அனுபவமுள்ளவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குத் தேவை இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) சில மில்லி ரத்தம், அல்லது உறையவைத்த ஒரு துண்டு மண்ணீரலோ கல்லீரலோ. ஃபார்மலினில் ஊறிய திசுவில் டிஎன்ஏ சிதைந்துவிடும். இதயத்தை ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பும் அதே நாளில் இந்தச் சிறு குழாயையும் எடுத்து வைத்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். எடுக்காமல் உடலை எரித்துவிட்டால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். இளவயதுத் திடீர் மரணம் ஒவ்வொன்றிலும் இதை விதியாகவே ஆக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கோவிட் தடுப்பூசிதான் இளைஞர்களைக் கொல்கிறது என்கிறார்களே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதை ஆராய்ந்தது. 19 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களைச் சேர்ந்த 47 மருத்துவமனைகள் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரை, உயிரோடிருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களிடம் ஆபத்து குறைவாகவே இருந்தது. கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிக் குடித்தது, கடும் உடலுழைப்பு ஆகியவையே ஆபத்தைக் கூட்டின.

அந்த ஆய்வு உறவினர்களிடம் கேட்டும் ஆவணங்களைப் பார்த்தும் நடந்தது. புதுதில்லி எய்ம்ஸில் உடற்கூறாய்வை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு தனியே நடந்தது. அதன் முதற்கட்ட முடிவாக 2025 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது: இந்த வயதினரிலும் மாரடைப்பே முதன்மைக் காரணம், விளக்கம் கிடைக்காத மரணங்களில் பலவற்றில் மரபணு மாற்றங்கள் தென்படுகின்றன.

நம் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகளைக் குடும்பம் கேட்டுப் பெற முடியுமா?

ஐயத்துக்குரிய மரணங்களில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரணை நடத்தி உடலை உடற்கூறாய்வுக்கு அனுப்புகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174ஆம் பிரிவு. உள்ளுறுப்பு மாதிரிகள் வேதிப் பரிசோதனைக்கும், இதயம் திசுப் பரிசோதனைக்கும் போகும். அறிக்கைகள் வரும்வரை இறுதிக் கருத்து ஒத்திவைக்கப்படும். ட்ரோபோனின், என்டி-ப்ரோபிஎன்பி, மரபணு ஆகியவை பெரும்பாலான இடங்களில் வழக்கமான பட்டியலில் இல்லை.

கேட்பதில் தவறில்லை. உடற்கூறாய்வு தொடங்கும் முன்பே, மருத்துவரிடம் நேரில் அல்லது விசாரணை அதிகாரி வழியாக எழுத்தில் கேளுங்கள். இறந்தவரின் பழைய ஈசிஜி, மருந்துச் சீட்டுகள், குடும்பத்தில் முன்பு நேர்ந்த இளவயது மரணங்கள், கடைசி இரண்டு நாள்களில் அவர் சொன்ன உடல் உபாதைகள் ஆகியவற்றையும் அப்போதே சொல்லுங்கள். இந்த விவரங்கள் இல்லாத ஆய்வக எண்ணை வைத்து எந்த மருத்துவரும் உறுதியாக எழுத முடியாது.

வருங்காலத்தில் ஒரே சோதனையில் விடை வந்துவிடுமா?

இதயத்துக்குரிய நுண் ஆர்என்ஏ துண்டுகள், ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை அளக்கும் முறைகள் ஆகியவற்றில் ஆராய்ச்சி நடக்கிறது. நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு அவை இன்னும் முதிரவில்லை.

இதயமே காரணம் என்று முடிவானால், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

இறந்தவர் இளவயதினர் என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் ஓடுபட்டைச் சோதனை என்று தொடங்குவார்கள். நீள்-க்யூடி போன்ற நோய்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கண்டறிந்தால் பீட்டா பிளாக்கர் மாத்திரை, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், சிலருக்கு மார்பில் பொருத்தும் அதிர்வுக் கருவி என்று வழி இருக்கிறது. தமனி அடைப்பு காரணமென்றால் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். நாற்பது வயதுக்குள் இறந்தவரின் வீட்டில் பரம்பரைக் கொழுப்பு நோய் உள்ளதா என்பதையும் கேளுங்கள். போகும்போது உடற்கூறாய்வுச் சான்றிதழ், திசுப் பரிசோதனை அறிக்கை, வேதிப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் சென்று முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கொடுங்கள்.